காரணம்: பிற

இரவு இரண்டேகாலுக்கு என்னை எழுப்பியது சீட்ஸ்கே அல்ல.
அவள் தொழுவத்தின் இயந்திரம்.
அதற்கு என் எண் தெரியும்.
மனைவி அழைத்தால் மட்டும் ஒலிக்கட்டும் என்று
நான் வைத்திருந்த மணியோசையை
எப்படியோ தனதாக்கிக்கொண்டிருக்கிறது.

போல்ஸ்வார்டுக்கு நாற்பது நிமிடம்.
சாலை எது கால்வாய் எது என்று
மூடுபனிக்குத்தான் வெளிச்சம்.

அறுபத்து மூன்று பசுக்கள்.
மடி கனத்து, கால் மாற்றி நின்று,
காம்பிலிருந்து தானாகவே சொட்டிக்கொண்டிருந்தது பால்
சிமெண்டுத் தரையில்.
கறக்கும் கை பாதி நீட்டியபடி உறைந்திருந்தது,
சொல்ல வந்ததை மறந்துவிட்டவர் மாதிரி.

திரையில்: பிழை 417.
"அப்படியென்றால்?"
இரவு உடைக்கு மேல் ரப்பர் பூட்ஸ் மாட்டியிருந்தாள்.
கையேட்டைத் திறந்து காட்டினேன்.
417: சேவை நிபுணரை அழைக்கவும்.
அது நான்தான்.

மடிக்கணினியைச் செருகினேன்.
என் உரிமம் நள்ளிரவோடு காலாவதி என்றது.
ஹீரன்வேனில் இரவுப்பணி வீப்ரெனை அழைத்தேன்.
அவன் லிஸ்பனில் ஒருத்தியை அழைத்தான்.
அவள் தட்டும் சத்தம் வெகுநேரம் கேட்டது.
பிறகு சொன்னாள்:
அந்தப் பகுதியை எழுதியவர் இப்போது இங்கே இல்லை,
ஆலிவ் தோப்பு வாங்கிக்கொண்டு போய்விட்டார்,
போன் எடுப்பதில்லை.

சீட்ஸ்கே காபி கொண்டுவந்தாள்.
"உங்களுக்காவது புரியுமா இது?"
பதினாறு வருடமாக இந்தக் கேள்விக்கு
கருவிப்பெட்டியைத் திறந்து மூடுவதுதான் என் பதில்.
அன்றைக்குத் தூக்கக் கலக்கம்.
"எங்கெங்கே புரியாது என்று புரியும்" என்றேன்.
சிரிக்கவில்லை அவள். சர்க்கரையைத் தள்ளி வைத்தாள்.

அப்போது முப்பத்தெட்டாம் எண்,
இடது காதில் கிழிசல் உள்ளது,
கம்பிக்கு இடையே கழுத்தை நீட்டி
அந்தக் கையின் கேமராக் கண்ணாடியை நக்கியது.
அவசரமே இல்லாமல்.
ஈன்ற கன்றை நக்குவது போல
மேலிருந்து கீழ், மறுபடி மேலிருந்து கீழ்.

கிளிக்.
கை நகர்ந்தது.
அதே நொடியில் காதில் வீப்ரென்:
"லிஸ்பனிலிருந்து ஏதோ புதுப்பித்து அனுப்பினார்கள், பார்!"

பார்த்தேன்.
எதைப் பார்த்தேன் என்று
இன்றுவரை சத்தியம் செய்ய முடியாது.

வேலை முடிந்ததும் படிவம்.
கோளாறின் காரணம்:
மென்பொருள். மின்சாரம். பயனர் தவறு. பிற.
நாக்கு என்று ஒன்று அதில் இல்லை.
பயனர் தவறு என்று போட்டால்
கட்டணம் சீட்ஸ்கே தலையில் விழும்.
பிற என்றேன்.
விளக்கவும், என்றது. குறைந்தது இருபது எழுத்து.
"சரியாகிவிட்டது" என்று மூன்று முறை எழுதினேன்.
ஏற்றுக்கொண்டது.

"திரும்ப வந்தால் என்ன செய்ய?"
கேட்டபடியே வாசல்வரை வந்தாள்.
வேனில் ஏறிக்கொண்டே
அழையுங்கள் என்றேன்.
யாரை என்று சொல்லவில்லை.

உள்ளே வரிசை நகர்ந்துகொண்டிருந்தது,
நாற்பத்தொன்று, ஏழு, ஐம்பது.
முப்பத்தெட்டு மட்டும் கடைசியில் நின்று
அசைபோட்டுக்கொண்டிருந்தது.