ஒடுக்கு

பிப்ரவரி பதினொன்று, மாலை நாலரைக்கு
வானம் பச்சையானது.
கோர்தோபா மலைகளின் அடிவாரத்தில் இருப்பவர்களுக்கு
அந்தப் பச்சை என்னவென்று தெரியும்.
கட்டிலிலிருந்து போர்வையை உருவிக்கொண்டு
காரைப் போர்த்த ஓடுவார்கள்.
பிள்ளைகளைக் கூப்பிடுவது அதற்கப்புறம்தான்.

நான் ஓடவில்லை.
என் பெயர் ரூஃபினோ. கார்களில் ஒடுக்கெடுப்பவன்.
எனக்குப் படியளப்பது ஆலங்கட்டி.
எவ்வளவு பெரியது விழுந்ததென்று யாரையும் கேட்கமாட்டேன்.
தகரத்தை விரல் நுனியால் தடவினால் போதும்,
பட்டாணியா, எலுமிச்சையா, சொல்லிவிடுவேன்.

அன்று விழுந்தவை
எனக்குத் தெரிந்த எந்தக் காயின் அளவிலும் இல்லை.
கொம்பு முளைத்த கட்டிகள்.
பதினேழு நிமிஷம்.
நிலக்கடலை வயலில் காம்புகள்தான் மிச்சம்.
தேவாலய மணியை யாரும் தொடவில்லை,
அது பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது.

நெலிடா வீட்டில் ஒன்று
தகரத்தைக் கிழித்து, பலகையைப் பிளந்து
கட்டிலின் இடப்பக்கத் தலையணையில் விழுந்தது.
இடப்பக்கம் எவுசேபியோவுடையது.
மதியம் படுத்தால் ஐந்து மணிக்குமுன் எழாதவன்.
அன்று காலைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு
ரொசாரியோவில் தங்கை வீட்டுக்கு பஸ் ஏறியிருந்தான்.
காரணம் ஊருக்கே தெரியும், நான் சொல்லப்போவதில்லை.
ரெனோ கார் அவள் பெயரில். முற்றத்திலேயே நின்றது
போர்த்த ஆளில்லாமல்.
அறுபத்தொரு ஒடுக்கு. எண்ணினேன்.
"கை வைக்காதே" என்றாள்.

கட்டியை ஃப்ரீசரில் வைத்தாள்,
விலா எலும்புக் கறிக்கும் சோளப் பொட்டலத்துக்கும் நடுவே.
வரட்டும், காட்டுகிறேன் என்றாள்.
என்னத்தைக் காட்ட?
போனதால் பிழைத்தாய் என்றா,
இருந்திருந்தால் தொலைந்தாய் என்றா?
இரண்டும் ஒன்றல்ல என்று
அவள் கதவு சாத்திய விதத்தில் தெரிந்தது.

அடுத்த வாரம் பல்கலைக்கழகத்திலிருந்து
காலிப்பரோடு யமிலா வந்தாள்.
பதினைந்தரை சென்டிமீட்டர்.
மாத்தே நிரம்பிய சுரைக்குடுவை கைமாறிக் கைமாறி வர
வியாழனைப் பற்றிச் சொன்னாள்.
அங்கேயும் ஆலங்கட்டி உண்டாம்.
தண்ணீரும் அம்மோனியாவும் குழைந்த கூழ்,
மேலே மெல்லிய பனி ஓடு,
மின்னலுக்கு நடுவே விழுமாம்.
"எதன்மேல்?" என்றேன்.
"எதன்மேலும் இல்லை.
தரை கிடையாது. கீழே போகப் போகச் சூடு.
ஆவியாகிப் போய்விடும்."

அன்றிரவு எனக்குத் தூக்கம் இல்லை.
கூரை இல்லாத, பானட் இல்லாத, கடலைச் செடி இல்லாத
அவ்வளவு பெரிய ஊர்.
விழுந்தது என்று சொல்ல
ஒரு தகரமாவது வேண்டாமா?
நம் புயல் கரையேறினால் இளைக்கும்,
மலையில் முட்டினால் சாகும்.
அங்கே முட்ட ஒன்றும் இல்லை.
அதனால்தான் அந்தச் சிவப்புச் சுழல்
எங்கள் ஊருக்குப் பெயர் வைக்குமுன்பிருந்தே
சுற்றிக்கொண்டிருக்கிறது,
பூமியைத் தூக்கிப் போட்டாலும் விழுங்கும் அகலத்தில்.
அவ்வளவு நாள் கோபமாக இருக்க
என்னால் முடியாது. பசிக்கும்.

மார்ச்சில் காலிப்பர் பதினைந்து காட்டியது.
ஜூனில் பதினாலேகால்.
உருகவில்லையாம். கதவைத் திறக்கத் திறக்க
பனி அப்படியே காற்றாகிப் போகிறதாம்.
நெலிடா ஒரு நாளைக்கு எத்தனை முறை திறக்கிறாள் என்று
யமிலா கேட்கவில்லை.
"அந்தச் சிவப்பும் சுருங்கிக்கொண்டுதான் இருக்கிறது" என்றாள்,
"நூறு வருஷத்துக்கு மேலாக அளக்கிறார்கள்.
ஏனென்று சரியாகத் தெரியாது."

மறுநாள் விடிவதற்குள் நெலிடா என் பட்டறையில்.
மீன் பிடிக்கப் போகும்போது நான் கொண்டுபோகும்
ஐஸ் பெட்டியைக் கேட்டாள்.
ரொசாரியோவுக்கு ஆறு மணி நேரம். தாங்குமா?
தெரியாது என்றேன்.
பழைய போர்வையில் சுற்றி
நாலு பக்கமும் ஐஸ் கொட்டிக் கொடுத்தேன்.
பெட்டியை மடியில் வைத்து ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

பஸ் நகரும்போது கத்தினாள்:
"இனி ரெனோவை எடு, ரூஃபினோ.
ஒரு ஒடுக்கை மட்டும் விட்டுவை."

அறுபத்தொன்றில் எது என்று
சொல்லாமல் போய்விட்டாள்.