கடைசிப் பெயர்: ஒரு புள்ளி

மார்த்தாண்டம் மேம்பாலத்தின் உயரத்தில்தான்
எங்கள் அலுவலகம்.
திருவனந்தபுரம் பேருந்தில் சன்னலோரம் இருப்பவர்கள்
என் கணினித் திரையை
இரண்டு நொடி வாசித்துவிட்டுப் போவார்கள்.
யாரிடமும் அனுமதி கேட்பதில்லை.

நான் சித்திரையிலிருந்து
கேட்டுக்கொண்டிருந்தேன்.

நர்சுகளை வெளிநாட்டுக்கு அனுப்புகிற நிறுவனம் நாங்கள்.
வேலைக்காரர்கள் கூடும் அந்தத் தளத்திலிருந்து
படிப்பு, பார்த்த ஆஸ்பத்திரி, வருடங்கள்
தானாக வந்து எங்கள் படிவத்தில் விழவேண்டும்.
நோக்கம் என்ற பெட்டியில்
இருநூறு எழுத்துக்குள் நோக்கத்தை மடித்து வைத்தேன்.
தரவை எத்தனை நாள் வைத்திருப்பீர்கள் என்று அடுத்த பெட்டி.
ஜஸ்டஸ் அண்ணன் சொன்னார்:
"தேவையுள்ள நாள் வரைன்னு போடு பிள்ளே.
எது தேவைன்னு அவனுக்கா தெரியும்?"

ஆடிச் சாரலோடு பதில் வந்தது.
பெயர், படம், மின்னஞ்சல்.
மற்றதெல்லாம் கூட்டாளிகளுக்கு மட்டும்.
கூட்டாளி ஆவது எப்படி என்ற சுட்டியை அழுத்தினால்
புறப்பட்ட பக்கத்திலேயே
கொண்டுவந்து இறக்கிவிட்டது.

"சவம், வாரி எடுத்திருவோம்" என்றான் விஜின்.
ராத்திரியெல்லாம் உட்கார்ந்து
மனிதனைப் போல் நடிக்கும் நிரல் ஒன்று எழுதினான்:
ஒரு முகத்துக்கு ஏழு நொடி, சில முகத்துக்குப் பதினொன்று,
நடுவில் சாயா குடிக்கப் போனதுபோல் பத்து நிமிடம்.
இருநூற்றுப் பன்னிரண்டாவது முகத்தில் பிடித்துவிட்டார்கள்.
நீங்கள் மனிதர்தானா, நிரூபியுங்கள் என்றது திரை.
சைக்கிள் உள்ள படங்களைத் தொடச் சொன்னது.
அவன் தொட்டான்.
தப்பு என்றது.

எனவே மூன்று கட்டங்கள்.

அனுமதிக்கிறேன் என்று முதலில் அழுத்தியவர் வந்தார்.
முதற்பெயர்: லிட்டில் ஃப்ளவர்.
கடைசிப் பெயர்: ஒரு புள்ளி.
அந்தக் கட்டத்தைக் காலியாக விட முடியாது,
நம்மிடமோ போட ஒன்றும் கிடையாது.
படம்: வெள்ளைச் சேலையில், எங்கிருந்தோ வெட்டியது.
தோளில் ஒரு ஆண்கை மட்டும் மிச்சம்.
மின்னஞ்சலில் பாதி அவர் பெயர்,
மீதி ஒரு படகின் பெயர்.

போன் போட்டு மீதியைக் கேட்டேன்.
தூத்தூர். தீவிர சிகிச்சைப் பிரிவு, ஆறு வருடம்.
"நடுவுல ஒரு வருஷம் காலியா இருக்கே?"
"பதினேழு கார்த்திகையில ஒரு காத்தடிச்சுல்லா."

பிறகு நாற்பது நிமிடம் அவர் பேசினார்.
நான் தட்டச்சு செய்வதை நிறுத்தியிருந்தேன்.
கடைசியில் சொன்னார்:
"இதொண்ணும் எழுதண்டாம், கேட்டியா."

இடைவெளிக்குக் காரணம் என்ற பட்டியலில்
உயர்கல்வி இருந்தது, பயணம் இருந்தது,
தனிப்பட்டது இருந்தது.
தனிப்பட்டதைத் தொட்டேன்.

ஐப்பசியில் அவர் மஸ்கட் போய்ச் சேர்ந்தார்.
சேர்ந்த வாரமே அனுமதியைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.
விதிப்படி அழித்தேன்:
பெயர், புள்ளி, படம், படகு.
அழிக்கப்பட்டது ஒரு வரி என்றது தரவுத்தளம்.
நாற்பது நிமிடத்தை
எந்தப் பட்டியலில் தேடி அழிப்பது என்று
அதற்கும் தெரியவில்லை.

இன்று மறுபடியும் விண்ணப்பம்.
மறுபடியும் அதே பெட்டி:
எத்தனை நாள் வைத்திருப்பீர்கள்?

பாலத்தில் நெரிசல்.
பேருந்து ஒன்று என் சன்னலுக்கு நேராக நின்றுவிட்டது.
இரண்டு நொடி தாண்டியும் நகரவில்லை.
கம்பியில் கன்னம் வைத்திருந்த ஒரு பெண்
வாசித்துக்கொண்டிருந்தாள்.

திரையைச் சற்றுத்
திருப்பி வைத்தேன்.