இரண்டு நொடி

திஹுவானாவில் எங்கள் மலைக்குப் படிக்கட்டு கிடையாது.
பழைய டயர்களைப் புதைத்து, அதில் கால்வைத்து ஏறுவோம்.
தோளில் ஒன்பது பெட்டிகள், பையில் ஒரு திருப்புளி,
அரசாங்கம் கொடுத்த பட்டியல்.
பட்டியலில் பாதி வீட்டுக்கு எண் இல்லை.
'நீலத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால்' என்றிருக்கும்.
மலை முழுக்க நீலத் தொட்டிகள்.

நாட்டிலேயே முதலில் எங்கள் ஊரில்தான்
பழைய அலையை அணைக்கிறார்களாம்.
எதிலாவது முதலாவதாக வருவது
எங்களுக்குப் பழக்கமில்லை.

எதெல்வினா வீட்டு ஆன்டெனா
சட்டை மாட்டும் கம்பி, நுனியில் ஒரு முள்கரண்டி.
திரையில் ஒவ்வோர் ஆட்டக்காரனையும் ஒட்டிக்கொண்டு
இன்னொருவன் ஓடினான்.
எதிர்மலையில் மோதி வருகிற அலை அது என்றேன்.
"அதனால என்ன, நாப்பத்துநாலு பேர் ஆடறாங்க.
ஓசியிலே வேறென்ன வேணும்?"

பெட்டி வேண்டாம் என்றாள்.

புருஷன் எவரார்டோ வேலிக்கு அந்தப் பக்கம்,
யார் வீட்டுப் புல்லையோ வெட்டுகிறான். ஆறு வருஷம்.
அங்கிருந்து இங்கே வர ஒரு சுழல்கதவு இருக்கிறது,
யாரும் எதுவும் கேட்பதில்லை.
இங்கிருந்து அங்கே சுழல்கிற கதவுதான் இல்லை.
அதனால் அவன் வருவதில்லை.
ஆட்டம் நடக்கும் இரவுகளில்
இருவரும் போனைக் காதில் வைத்துக்கொண்டு
ஒரே சேனலைப் பார்க்கிறார்கள்.

அவனிடம் இருப்பது புதுசு.
படத்தைப் பொடித்துப் பொட்டலம் கட்டி
அந்தப் பக்கம் பிரித்து ஒட்ட
இரண்டு நொடி ஆகும்.
இவளுடையதோ பழசு. உதைத்தவுடன் கோல்.

"நான்தான் முதல்ல கத்துவேன்.
கெடுத்துட்டியேன்னு திட்டுவான்.
ஆறு வருஷமா எதுல நான் அவனுக்கு முந்தியிருக்கேன், சொல்லு?"

கையெழுத்து வாங்கிக்கொண்டு
பெட்டியை அவள் அடுப்பு மேடையில் வைத்துவிட்டு வந்தேன்.
அதன்மேல் அவள் முட்டைகளை அடுக்கியிருந்ததை
பிறகு பார்த்தேன்.

மே மாதக் கடைசியில் அணைத்தார்கள்.
மலையே இரைந்தது, ஜன்னல் ஜன்னலாக
எண்ணெயில் எதையோ போட்டதுபோல.
ஜூலையில் தேர்தல்.
இருண்ட திரை உள்ள வீடும்
ஓட்டுப் போடும் வீடுதான் என்று
யாருக்கோ தாமதமாக உறைத்தது.
அந்த வாரமே அலை திரும்பி வந்தது.
நாலு முறை மனு எழுதிக் கேட்ட குடிநீர்க் குழாய் வரவில்லை.
கேட்காத படம் வந்தது,
இரட்டை இரட்டையாக, வேட்பாளர்களோடு.

ஓட்டுகள் எண்ணி முடித்து
ஜூலையிலேயே மறுபடி அணைத்தார்கள்.
இம்முறை யாரும் மனம் மாறவில்லை.

அவளே ஆள் அனுப்பினாள்.
முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் வைத்தாள்.
தேடுகிறது, நாற்பது சதவீதம், என்றது பெட்டி.
தேடுகிறது, எழுபது.
பிறகு பச்சை. பச்சையென்றால் அப்படியொரு பச்சை,
கோல்கீப்பர் புருவத்தில் வியர்வை.
சாயல்கள் எல்லாம் போய்விட்டன.
இருபத்திரண்டு பேர்தான்.

"இதைக் கொஞ்சம் முந்தி ஓட்ட
ஏதாவது பட்டன் இருக்கா?"
இல்லை என்றேன்.
ரிமோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்,
நான் மறைக்கிறேன் என்று நினைத்தவள்போல.

போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.
காபி கொடுத்திருந்தாள், அதனால் நின்றேன்.
நாற்பதாவது நிமிடம்.
இடது ஓரத்திலிருந்து ஒரு பந்து, ஒரு தலை,
வலை பின்னால் உப்பியது.

கத்தினாள்.
கூரைத் தகரம் அதிர்ந்தது.

போனில் ஒன்றுமில்லை.
ஒன்று.
இரண்டு.

"அடிப் பாவி, கெடுத்துட்டியே!"

அவள் என்னைப் பார்த்தாள்.
இதே பெட்டிகளை மாட்டுகிறவன் நான்,
அங்கேயும் இங்கேயும் இனி ஒரே நேரம்தான்
என்று எனக்குத் தெரியும்.
கம்பியைச் சுருட்டிப் பைக்குள் வைத்தேன்.
பட்டியலில் அடுத்த வீடு
நீலத் தொட்டிக்குப் பின்னால்.