நிஜாமுத்தீன் பாலத்தில் ஹீட்டர்

ஜூன் மாதம், மதியம் இரண்டரை.
பாலத்தில் எனக்கு முன்னால் முந்நூறு வண்டி.
கீழே யமுனை என்று சொல்லிக்கொள்ளும் ஏதோ ஒன்று.
முள் சிவப்புக்கு ஏறிக்கொண்டிருந்தது.
ரேடியேட்டர் ஃபேனின் இரைச்சலை
அது இல்லாமல் போனபோதுதான் கேட்டேன்.

ஏசியை அணைத்தேன், கண்ணாடிகளை இறக்கினேன்,
ஹீட்டரைக் கடைசிவரை திருகினேன்.
எஞ்சினின் காய்ச்சலை வாங்கிக்கொள்ள
உள்ளே வேறு ஆள் இல்லை.
பக்கத்து ஆட்டோக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு
தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.
வண்டிக்கா எனக்கா, சொல்லவில்லை.
நான் குடித்துவிட்டேன்.

மயூர் விஹார் வந்து, பொழுது சாய்ந்து, பானெட்டைத் தூக்கினேன்.
ஃபியூஸ் நன்றாகத்தான் இருக்கிறது.
ரிலே டிக் என்கிறது.
இரண்டாம் மாடி மெஹந்திரத்தா பால்கனியிலிருந்து:
"பதினாலு வருஷ வண்டி. மார்ச்சோடு
டெல்லியில் ஓட்டவே விடமாட்டார்கள்.
எதற்கு இந்தப் பாடு, மேடம்?"
மார்ச்சுக்கு ஒன்பது மாதம் இருக்கிறது.
அதற்குள் ஜூலை இருக்கிறது.

பேட்டரியிலிருந்து நேராக இரண்டு வயர். அசையவில்லை.
ஸ்பானர் பிடியால் மோட்டார் முதுகில் ஒரு தட்டு.
ஸ்கூலுக்கு எழுப்பிய பிள்ளைபோல்
அரைச் சுற்று புரண்டு
மறுபடி படுத்துக்கொண்டது.

சரி. உயிர் இருக்கிறது, கரி தேய்ந்திருக்கிறது.

காஷ்மீரி கேட்டில் முழு மோட்டார்தான் என்றார்கள்,
நாலாயிரத்து இருநூறு.
சந்துக்குள் இர்ஃபானுல்லா மட்டும்
பிஸ்கட் டப்பாவைக் கவிழ்த்துத் துழாவி
வேறு ஏதோ வண்டியின் கரி இரண்டை எடுத்துத் தந்தார்.
அறுபது ரூபாய். "கொஞ்சம் பெரிசு, தேய்ச்சுக்குங்க."

உப்புத்தாளில் தேய்த்தேன். அளந்தேன். தேய்த்தேன்.
மோட்டாரின் தகட்டு மடிப்புகளை நிமிர்த்தி
ஸ்பிரிங் ஒன்றைத் தொலைத்து
ஃப்ரிஜ்ஜுக்கு அடியில் கண்டெடுத்து
இரவு ஒன்றே காலுக்கு ஈயம் வைத்து முடித்தேன்.
காலையில் ஆபீஸ் வாசல் மெஷினுக்கு
என் விரலை அடையாளம் தெரியவில்லை.
மூன்றாவது முறை, போனால் போகிறதென்று ஒப்புக்கொண்டது.

சனிக்கிழமை பூட்டி, ஸ்டார்ட் செய்து,
முள் நடுவுக்கு வரக் காத்திருந்தேன்.
மெஹந்திரத்தாவும் டீ டம்ளரோடு காத்திருந்தார்.
வந்தது அந்த இரைச்சல்.
அவர் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார்.

சாவியை எடுத்த பிறகும் ஓடிக்கொண்டிருந்தது.
முன்கம்பியில் ஒரு வேப்பஞ்சருகு
உள்காற்றின் இழுப்பில் ஒட்டித் துடித்தது.

நின்றது.
சருகு விழுந்தது.
பானெட்டை மூடினேன்.