ஒன்று, இரண்டு, இரண்டும்

கெம்சியில் கடல் நாளைக்கு இரண்டு தடவை
எழுந்து போய்விடும்.
படகு சேற்றில் ஒருக்களித்துக் கிடக்கும்.
திரும்பி வர ஆறு மணி நேரம்,
அதற்குள் முடிக்க வேண்டும்.

எலியோதோரோ வந்தான், தோளில் இருபத்துமூன்று கிலோ.
ஒவ்வோர் அடிக்கும் சேறு அவன் பூட்ஸை உறிஞ்சி விட்டது.
"எங்கே வைக்க?"
மூன்று வருடமாக எங்களுக்குள் இந்த அளவு வாக்கியங்கள்தான்.

வீட்டை நீதிமன்றம் பிரித்துத் தந்தது.
ஆடுகள் தாமாகவே பிரிந்தன, நாலு, மூன்று.
ஐந்தரை மீட்டர் படகை எப்படி அறுப்பது?
ஒரு வாரம் அவன், மட்டிக் கயிறுகளைப் பார்க்க.
ஒரு வாரம் நான், தீவுப் பள்ளிகளுக்கு மாவு ஏற்ற.

ஜூலையில் ஒரு ஞாயிறு
விளக்கும் ரேடியோவும் எரிய அப்படியே விட்டுப் போயிருக்கிறான்.
திங்களன்று எப்படியோ கிளம்பிவிட்டது மோட்டார்.
நடுக்கால்வாயில், விசிறியில் சிக்கிய பாசியை எடுக்க
நிறுத்தினேன்.
பிறகு சாவியைத் திருப்பினால்
டிக்.
மழை.
டிக்.
நீரோட்டம் என்னையும் மாவையும் ஒரே விலையில் எடுத்துக்கொண்டது.
சால்மன் பண்ணைப் படகு கண்ணில் படும்வரை நாலு மணி நேரம்
அவனைத் திட்டினேன்.
பிறகு திட்டவும் குளிர்ந்துபோனது.

"ரெண்டையும் பின்னாலேயே வைக்கலாம்" என்றான்.
பின்னால் மோட்டார் இருக்கிறது, பெட்ரோல் டாங்கி இருக்கிறது,
ஓட்டும்போது நான் இருக்கிறேன்.
வாலைத் தண்ணீரில் இழுத்துப் போக எனக்கு இஷ்டமில்லை.
மோட்டாரைக் கிளப்புவது மட்டும் பின்னால், டாங்கிக்கு எதிர்ப்பக்கம்.
விளக்கு, ரேடியோ, திரை எல்லாம் தின்பது
அணியம் பக்கமாக, நடு இருக்கைக்கு அடியில்.
அடித்தண்ணீர் தொடாத உயரத்தில் ஒரு பலகை,
பலகைமேல் பெட்டி, பெட்டிக்கு மூடி,
மூடியில் காற்றுப் போக வழி.
சார்ஜ் ஏறும்போது அது மூச்சுவிடும்,
அந்த மூச்சுக்கு ஒரு தீப்பொறி போதும்.

பட்டையை இறுக்கி இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தேன்.
விரற்கடை நகர்ந்தது.
அவிழ்த்து மறுபடி கட்டினேன்.
அலை என்னைவிடப் பொறுமையாக இழுக்கும்.

பிறகு ஒயர்கள். சிவப்பு முதலில், கறுப்பு கடைசியில்.
அவன் ஸ்பேனரை எடுத்தான்.
"மோதிரம்" என்றேன்.
நட்டுக்கும் ஸ்பேனருக்கும் நடுவே அது மாட்டினால்
கண் இமைப்பதற்குள் பழுத்துவிடும், விரலோடு.
என் விரலில் பல நாளாக ஒன்றுமில்லை.
கழற்றப் பார்த்தான், வரவில்லை. அல்லது
பார்ப்பது மாதிரி பார்த்தான்.
கறுப்பு டேப்பை எடுத்து அதன்மேல் மூன்று சுற்று சுற்றி,
"இப்போ?" என்றான்.
"இப்போ சரி."

ஃபியூஸை பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்தில் வைக்கச் சொன்னேன்.
முனைகளுக்கு ரப்பர் தொப்பி போட்டோம்.
கடைசியாக அந்தச் சிவப்பு சுவிட்ச்.
ஒன்று. இரண்டு. இரண்டும். அணை.
நாலு இடங்கள், ஒரு குமிழ்.
"இதிலே ஒண்ணு காலியானா அடுத்ததையும் இழுக்காதுல்ல?"
"இரண்டும்னு திருப்பி வைக்காத வரைக்கும்."
அவன் தலையாட்டினான்.
அந்த வார்த்தைக்குக் கீழே பேனாவால்
'ஆபத்துக்கு மட்டும்' என்று எழுதினான்,
எழுத்துப்பிழையோடு.

மீட்டர் பன்னிரண்டு புள்ளி ஏழு காட்டியது.
தண்ணீர் அதற்குள் எங்கள் முழங்காலுக்கு வந்துவிட்டிருந்தது.
படகு முதலில் ஒரு பக்கம் தயங்கியது,
பிறகு எழுந்தது.
உள்ளே ஒரு கோப்பைக் காப்பியை வைத்தேன்.
சாயவில்லை.
அவன் குடித்துவிட்டான்.

அடுத்த திங்கள் என் முறை.
குமிழ் 'அணை'யில் இருந்தது.
எத்தனை வருடத்தில் முதல் தடவை, எண்ணவில்லை.
இருக்கைக்கு அடியில் பட்டையை இழுத்துப் பார்க்கக் குனிந்தபோது
அடித்தண்ணீரில் மிதந்தது
விரல் அளவுக்கு வளைந்த கறுப்பு டேப்.
பம்பின் வாயை அடைத்துவிடும்.
எடுத்துச் சட்டைப்பையில் போட்டேன்,
சாவியை ஒரே தடவை திருப்பினேன்.