மூன்று நாளுக்கென்று சொல்லிப் போனது

மா த்வே,
தண்ணீரை முந்தின இரவே வாளியில் பிடித்து வை,
குழாயில் மருந்து வாடை.
கசூன் கீரையில் தண்டு வேண்டாம், இலை மட்டும்.
உலர்ந்த இறால் ஐந்து.
ஆறு கேட்கும். ஐந்துதான்.
உன் மொஹிங்காவில் மிஞ்சியதைப் போடாதே,
போன தடவை வயிறு ஊதி
மூழ்கத் தெரியாமல் இரண்டு நாள் மிதந்தது.
வெயில் வந்தால்,
ஆடி மாதத்து மோல்மேனில் வெயில் என்று ஒன்று வந்தால்,
செங்கல்லை வெளிச்சத்துப் பக்கம் நகர்த்து.
பெயர் சேர்மன். கூப்பிட்டால் வராது.

இவ்வளவையும் பர்மியில் எழுதி
பேசினுக்கு மேலே சுவரில் ஒட்டிவிட்டு
ரங்கூன் பஸ் ஏறினேன்.
அட்டை புதுப்பிக்க. மூன்று நாள் வேலை.

முதல் நாள் படிவம் தீர்ந்துவிட்டது.
இரண்டாம் நாள் அதிகாரி மகளுக்குக் காது குத்து.
நான்காம் நாள் கேட்டார்:
உன் அப்பா பிறந்தது?
மோல்மேன்.
அவருடைய அப்பா?
மோல்மேன்.
அவருடைய?
நான் மின்விசிறியைப் பார்த்தேன்.
சுற்றுக்கு ஒரு தரம் முனகிக்கொண்டிருந்தது.
நாளைக்கு வா.

இரவில் ஏழாம் மாடியிலிருந்து போன்.
சாப்பிட்டதா?
இல்லை.
தலையை நீட்டியதா?
இல்லை, கோ மருதை. வெறும் ஓடுதான் கிடக்கிறது.
உள்ளே ஆள் இருக்கிறதா என்று தட்டிப் பார்த்தேன்.
தட்டாதே, மா த்வே.

ஒன்பது நாள்.

பத்தாம் நாள் எடுத்ததும் சிரித்தாள்.
உன் செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்தேன்.
எந்தச் செருப்பு?
பின்வாசல் ரப்பர் செருப்பு, குதிகால் தேய்ந்தது.
என் கால் அதில் சிரட்டைக்குள் கோலிக்குண்டு.
பட், பட், பட்.
தலை வந்தது, இறாலும் போனது. ஆறு.
ஐந்து, என்றேன்.
ஆறு, என்றாள்.

பதினோரு வருஷமாக
என் முகம் அதற்குத் தெரியும் என்று
நினைத்துக்கொண்டிருந்தேன்.

பதிமூன்றாம் நாள் குரல் இறங்கியிருந்தது.
வாசோ பௌர்ணமி வருகிறது.
புத்தர் கோயில் குளத்தில் விட்டால்
உனக்கும் புண்ணியம், எனக்கும்.
எத்தனை காலம் பேசினில் வைத்திருப்பாய்?
நான் வாய் திறப்பதற்குள் லைன் போனது.
பின்னாலேயே கரண்டும் போனது.
அந்தக் குளம் எனக்குத் தெரியும்.
பாசி பிடித்த முதுகுகள், நூறுக்கு மேல்,
யார் பொரி வீசினாலும் வரும்.
மறுநாளும் போன் கிடைக்கவில்லை. அதற்கடுத்த நாளும்.

பௌர்ணமிக்கு ஆபீஸ் விடுமுறை.
விடிந்ததும் முத்திரை குத்திய ஒரு காகிதம் தந்தார்கள்.
சிட்டாங் பாலத்தில் பஸ்ஸை நிறுத்தி
சிப்பாய் டார்ச் அடித்தான்,
என் முகத்தில், காகிதத்தில்,
திரும்பவும் முகத்தில்.

வீடு. மழை.
பேசின் மேல் வலை. வலை மேல் கல்.
செங்கல் வெளிச்சத்துப் பக்கம் நகர்ந்திருந்தது.
உள்ளே ஓடு.
ஆபீசுக்கு வாங்கிய தோல் ஷூவோடு நின்று
சேர்மன், என்றேன்.
இரண்டாம் தரம் சத்தமாக.
தட்டலாமா என்று விரல் போனது.

மாடிப்படியில் பட், பட், பட்.
மஞ்சள் கோடு போட்ட கழுத்து நீண்டது,
என்னைத் தாண்டி, படி பக்கமாக.

வாளியில் தூக்கிக் குளம் வரை போனேன், என்றாள் மா த்வே.
கோயில் வாசலில் செருப்பைக் கழற்றினேனா,
வெறுங்காலில் நாலடி வைத்ததும்
உள்ளே போய்விட்டது.
அப்படியே எப்படித் தண்ணீரில் விடுவது?
திரும்பி வந்துவிட்டேன்.

செருப்பைக் கழற்றி என் பக்கம் தள்ளினாள்.
நான் பையிலிருந்து காகிதத்தை எடுத்துக் காட்டினேன்.
ஆறு மாதத்துக்குத்தான் போட்டிருக்கிறார்கள்.
தை பிறந்ததும் மறுபடி போகணும்.
நீயே வைத்துக்கொள்.