பிடித்தம்

பெப்ரவரியில் யாரும் ஓய்வு பெறுவதில்லை
எங்கள் நகரசபையில்.
பனிவாரி ஓட்டுபவருக்கு அதுதான் விளைச்சல் மாதம்.
நள்ளிரவு அழைப்புக்கு ஒன்றரைப் பங்குக் கூலி,
கடைசி மூன்று வருடச் சராசரியை
அது ஒரு விரற்கடை உயர்த்தும்.
அந்த விரற்கடை சாகும்வரை கூட வரும்.

ரெய்னோ ஹகாலா ஏப்ரலில் வந்தார்,
சுப்பீரியர் ஏரியின் பனி கரையை விட்ட வாரம்.
கூடவே ஆர்டிஸ்.
தோளில் ஒரு பை, அதிலிருந்து மூக்குக்கு ஒரு குழாய்,
பைக்குள் எதுவோ
நிமிடத்துக்குப் பதினெட்டு முறை தும்மியது.

முப்பத்திரண்டு வருடம் என்றேன்.
வருடத்துக்கு இரண்டு, ஆக அறுபத்து நான்கு சதவீதம்.
சராசரிச் சம்பளம் நாலாயிரத்து ஐந்நூறு.
பெருக்கினால் மாதம்
இரண்டாயிரத்து எண்ணூற்று எண்பது.

கல்லறைத் தோட்டத்தில் புல் வெட்டினேனே,
அந்த இரண்டு கோடை?

அது தற்காலிக வேலை.
அப்போது உங்களுக்குப் பிடித்தம் இல்லை.
வேண்டுமானால் விட்டுப்போன தவணையை
வட்டியோடு கட்டி
அந்தக் காலத்தை வாங்கிக்கொள்ளலாம்.
(போன காலத்தை விலைக்கு விற்கும் மேசை
இந்த ஊரில் என்னுடையது ஒன்றுதான்.
விலை எப்போதும் கட்டுப்படியாகாது.)

வேண்டாம் என்றார்.
இவளைப் பார்த்தது அங்கேதான், அதற்காகக் கேட்டேன்.

பக்கத்தைத் திருப்பினேன்.
முதல் வகை: முழுத்தொகை. உங்களோடு முடியும்.
இரண்டாவது: கொஞ்சம் குறையும்,
உங்களுக்குப் பின் அவருக்குப் பாதி.
மூன்றாவது: மாதம் முந்நூற்று இருபது குறையும்,
உங்களுக்குப் பின் அவர் இருக்கும்வரை அதே தொகை.
அவர் முந்திக்கொண்டால்
வெட்டியது வெட்டியதுதான், திரும்பி ஒட்டாது.
இந்தக் கடைசி வரியை
இருபது வருடமாக மேசையைப் பார்த்துக்கொண்டே சொல்கிறேன்.

ஆர்டிஸ் கணக்கோடு வந்திருந்தார்,
மளிகை ரசீதின் முதுகில்.
முந்நூற்று இருபது பெருக்கல் பன்னிரண்டு.
வருடத்துக்கு நாலு டயர், குளிருக்கு எண்ணெய்,
கூரைக்கு மிச்சம்.
டாக்டர் எனக்குச் சொன்னது ஒன்றரை வருடம்.
முதலாவதில் போடு, ரெய்னோ.
முதலாவதற்கு மனைவி ஒப்ப வேண்டும் என்பது சட்டம்.
சொந்தப் பேனா கொண்டுவந்திருந்தார்,
மூடியைக்கூடக் கழற்றிவிட்டார்.

ரெய்னோ மூன்றாவதில் கையெழுத்திட்டார்.
நிதானமாக, இரண்டு ஹகாலா போடுமளவு இடம் விட்டு.

மூன்றாவதற்கு மனைவியின் ஒப்புதல் வேண்டாம்.
அது அவருக்கு எப்படித் தெரியும் என்று
ஆர்டிஸ் என்னைப் பார்த்தார்.
நான் முத்திரை மையைத் தேடினேன்.
போன வாரம் தொலைபேசியில் கேட்டார், சொன்னேன்.
கேட்டால் சொல்வதுதானே என் வேலை.

மடையா என்றார் ஆர்டிஸ்.
உன் கணக்கு நேராக வரணும்னு
நான் உனக்கப்புறமும் உட்கார்ந்திருக்கணுமா?

ஆமா என்றார் ரெய்னோ.

ஆயுள் அட்டவணை ஒன்று எங்களிடம் இருக்கிறது.
இத்தனை வயதில் இத்தனை பேர்
இன்னும் இத்தனை வருடம்.
கூட்டத்தைப் பற்றி அது பொய் சொன்னதேயில்லை.
ஒரு ஆளைப் பற்றிக் கேட்டால் வாய் திறக்காது.

இருபத்திரண்டாம் மாதம் சான்றிதழ் வந்தது, தபாலில்.
டாக்டர் சொன்னதைவிட நாலு மாதம் கூடுதல்.
ஒரு மரியாதைக்கு நான்தான் கூப்பிட்டேன்:
தொகை மாறாது, மிஸ்டர் ஹகாலா.
தெரியும் என்றார். பின்னால் கெட்டில் கூவியது.
பனி எப்படி, தெருவை ஒழுங்காக வாருகிறார்களா என்று
நான்தான் பேச்சை இழுத்தேன்.
புதுப்பையன், மூலையில் திருப்பத் தெரியவில்லை என்றார்.

மாதக் கடைசியில் பட்டியல் ஓடும்.
மூன்றாம் வகைக்கு
வாரிசுக் கட்டம் காலியாக இருக்கக் கூடாது,
மென்பொருள் ஏற்காது.
பெயரை அழித்துப் பார்த்தேன் ஒருமுறை, சிவப்பாகக் கத்தியது.
அதனால் இருக்கிறது இன்னும்
ஆர்டிஸ் எம். ஹகாலா,
அதற்கு நேரே முந்நூற்று இருபது,
மேலே தலைப்பில்
பிடித்தம்.